விரலா, மனமா? ராக் கிட்டாரில் நுட்பமும் உணர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்கிட்டார் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விட்டதில்லை. மூன்று மாதம் கற்றவரும் கேட்கிறார், பல ஆண்டுகளாக மேடை ஏறுபவரும் கேட்கிறார்: கையில் வேகம் வேண்டுமா, மனத்தில் உணர்வு வேண்டுமா? அதையொட்டி எழும் மற்றக் கேள்விகளையும் சேர்த்து, வகுப்பில் நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். நுட்பம் பெரிதா, உணர்வு பெரிதா?

கிட்டாரில் உணர்வு என்று நாம் சொல்வதும் விரல் செய்கிற வேலைதான். தந்தியைத் தட்டிய பிறகு அந்த ஸ்வரத்துக்கு என்ன நேர்கிறது, எவ்வளவு உயரம் இழுபடுகிறது, எப்போது அசையத் தொடங்குகிறது, எங்கே அடங்குகிறது என்பதைத்தான் கேட்பவர் உணர்வு என்கிறார். அது கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். "எனக்கு நுட்பம் வேண்டாம், உணர்வு போதும்" என்று ஒருவர் வந்து நின்றால், இருப்பதிலேயே கடினமான நுட்பத்தை அவர் கேட்கிறார் என்று சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

இந்தச் சண்டை எப்போது தொடங்கியது?

ராக் கிட்டாரின் தாய்வீடு ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு மரபு. அங்கே கிட்டார் என்பது பாடகரின் இன்னொரு தொண்டை. பி. பி. கிங் ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், அடுத்த வரியை அவருடைய கிட்டார் பாடும். கச்சேரியில் பாடகர் விட்ட இடத்திலிருந்து வயலின்காரர் எடுத்துக்கொள்வதைப் போன்ற உறவு அது. இங்கே இருவரும் ஒரே ஆள். 1960களில் எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன் போன்ற ஆங்கிலேய இளைஞர்கள் அந்த வாசிப்பை இசைத்தட்டுகளில் கேட்டுக் கேட்டுப் பழகி ராக் இசைக்குள் கொண்டுவந்தார்கள்.

1978இல் வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அதில் 'எரப்ஷன்' என்று 1 நிமிடம் 42 நொடி நீளும் தனிக் கிட்டார் வாசிப்பு. எடி வான் ஹேலன் வலது கை விரலாலும் கிட்டாரின் கழுத்தைத் தட்டி வாசித்தார். அந்த உத்தியை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அதைப் பழகாத இளைஞனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1984இல் சுவீடன் நாட்டு இங்வே மால்ம்ஸ்டீன், இத்தாலிய வயலின் மேதை பாகனீனியின் வேகத்தை அப்படியே கிட்டாருக்கு மாற்றிக் காட்டினார். அந்தப் பத்தாண்டின் மிச்சம் முழுவதும் ஓட்டப் பந்தயமாகவே கழிந்தது.

1991இல் நிர்வாணா குழு புகழுக்கு வந்தது. 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டின் சோலோவில் (கிட்டார் தனித்து ஒலிக்கும் பகுதியில்) அதன் பாடகர் கர்ட் கோபைன் தான் பாடிய மெட்டையே திரும்ப வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அதன் பிறகு சில ஆண்டுகளுக்கு வேகமாக வாசிப்பதே வெட்கப்பட வேண்டிய காரியம்போல் ஆகிவிட்டது. இரண்டு கட்சிகளும் அந்த ஆண்டுகளில்தான் கெட்டிப்பட்டன. இன்று கிட்டாரைக் கையில் எடுக்கும் பிள்ளைகளும் ஏதோ ஒரு கட்சியில் சேர்ந்தாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

டேவிட் கில்மோர் மெதுவாகத்தானே வாசிக்கிறார்? அதற்கு என்ன பெரிய பயிற்சி வேண்டும்?

என்னிடம் வரும் கேள்விகளில் இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். கில்மோர் கிட்டார் வாசித்த பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டு, 1979. அதன் கடைசி சோலோவில் உள்ள ஸ்வரங்களின் இருப்பிடத்தை ஒரு நல்ல மாணவருக்கு ஓரிரு வாரத்தில் காட்டிவிடலாம். காட்டிய பிறகு அவரை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, மூலத்தையும் அதையும் அடுத்தடுத்துக் கேட்க வைப்பேன். அவர் முகமே பதிலைச் சொல்லிவிடும்.

என்ன குறைகிறது? முதலில், பெண்டிங். தந்தியை விரலால் பக்கவாட்டில் தள்ளி ஸ்வரத்தை உயர்த்துவது. ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் ஒன்றில்) விரலை வைத்துத் தட்டினால் சுருதியைக் கிட்டாரே பார்த்துக்கொள்கிறது. பெண்டிங்கில் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்கள் காதுக்கு வந்துவிடுகிறது. போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்துக்கு மயிரிழை கீழே நின்றாலும் கேட்பவருக்குப் பல் கூசும், ஏன் என்று அவருக்குத் தெரியாவிட்டாலும்கூட. கில்மோர் இரண்டு ஃப்ரெட் தூரம் தள்ளுவார், சில இடங்களில் நான்கு ஃப்ரெட் தூரமும் தள்ளுவார், போய் நிற்கும் இடம் பிசகாது. போகும் வேகத்தையும் அவரே தீர்மானிக்கிறார்: ஓரிடத்தில் சட்டென்று, ஓரிடத்தில் ஏற மனமில்லாததுபோல.

அடுத்தது, இடைவெளி. நம் சங்கீதத்தில் கார்வை என்று சொல்வோமே, ஸ்வரத்தை நிறுத்தி, நீடிக்கவிட்டு, தாளத்தை ஓடவிடுவது. மாணவர்கள் கார்வையில் பதறுகிறார்கள். ஒரு ஸ்வரம் நீளும்போது 'ஏதாவது செய்' என்று கை நச்சரிக்கும். அந்த நச்சரிப்பை அடக்குவதைத் தனியாகவே பழக வேண்டும்.

அந்த சோலோ ஒரே மூச்சில் வாசித்தது இல்லையாமே? ஒட்டுப்போட்டதில் உணர்வு எப்படி இருக்கும்?

உண்மைதான். கில்மோரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஐந்தாறு முறை சோலோவை வாசித்துப் பதிவு செய்தார். பிறகு உட்கார்ந்து கேட்டு, எந்தப் பதிவில் எந்த இடம் நன்றாக இருக்கிறது என்று தாளில் குறித்துக்கொண்டு, கலவை மேசையில் ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி ஒரே சோலோவாகச் சேர்த்தார். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவது கைக்குச் சாத்தியமில்லாததாகத் தோன்றினால், இயல்பாக ஒலிக்கும் வேறு இணைப்பைத் தேடுவாராம்.

இதைக் கேட்டு மனமுடைந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கோ இந்தச் செய்தி தெரிந்த பிறகு அந்த சோலோவின் மேல் மதிப்பு கூடியது. கவிஞர் ஒரு வரியை ஆறுமுறை எழுதிப் பார்த்துச் சரியானதை வைத்துக்கொண்டால் அந்தக் கவிதையில் உணர்வில்லை என்று யாரும் சொல்வதில்லை. எந்த ஸ்வரம் நெஞ்சைத் தொடுகிறது என்று கண்டுபிடிக்கும் காது அவருக்கு இருந்தது, அவ்வளவு பொறுமையும் இருந்தது. அந்தக் காதுதான் நான் கற்றுக்கொடுக்க விரும்புவது.

வைப்ராட்டோவைக் கேட்டாலே வாசிப்பவர் யாரென்று சொல்லிவிடலாம் என்கிறார்களே?

சொல்லிவிடலாம். வைப்ராட்டோ என்பது நிற்கும் ஸ்வரத்தை மேலும் கீழுமாக அசைப்பது. எவ்வளவு அகலமாக, எவ்வளவு வேகமாக, ஸ்வரம் பிறந்த எத்தனை கணம் கழித்து என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பி. பி. கிங்கின் உறவினர் புக்கா வைட், தந்தியின் மேல் உலோகத்தை நகர்த்தி வாசிக்கும் ஸ்லைடு முறையில் தேர்ந்தவர். கிங்குக்கு ஸ்லைடு கைவரவில்லை. அந்த அழுகை ஒலியை வெறும் விரலால் கொண்டுவர முயன்றுதான் தன் வைப்ராட்டோவைக் கண்டடைந்தார். ஆள்காட்டி விரலை ஊன்றி, கையின் மற்றப் பகுதியைக் கழுத்திலிருந்து விடுவித்து, மணிக்கட்டைச் சுழற்றுவார். பட்டாம்பூச்சி சிறகடிப்பதுபோல் இருக்கும். கார்டுகள் (பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பது) வாசிப்பதில் தான் படு மோசம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். ஒற்றை ஸ்வரத்தில் அவருக்கு இணை யாருமில்லை.

கற்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சாதாரணமாக ஃப்ரெட்டில் பிடித்த தந்தியை எந்தப் பக்கம் தள்ளினாலும் சுருதி ஏறத்தான் செய்யும். ஆகவே வைப்ராட்டோ ஸ்வரத்துக்கு மேலே போய்த் திரும்பும். பெண்டிங் செய்த தந்தியில் இது தலைகீழ்: ஏற்றி நிறுத்திய ஸ்வரத்திலிருந்து கீழே இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டும். திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தைத் தொட வேண்டும். பெரும்பாலானோருக்கு வைப்ராட்டோ ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஒலிப்பதற்குக் காரணம் இந்தத் திரும்பும் இடம் தவறுவதுதான்.

அப்படியானால் வேகமாக வாசிப்பவர்களிடம் உணர்வே இல்லையா?

இல்லை என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. மகிழ்ச்சியும் திமிரும் உணர்வில்லையா? 'எரப்ஷன்' கேட்கும்போது ஒரு இளைஞன் தன் கையில் சிக்கிய புதையலைப் பார்த்துக் கூத்தாடுவது எனக்குக் கேட்கிறது. அது ஸ்டூடியோவில் அவர் கையைச் சூடேற்றிக்கொள்ள வாசித்தது. தயாரிப்பாளர் டெட் டெம்பிள்மேன் காதில் விழுந்து பதிவானது. யாரையும் அசத்துவதற்காக அந்த நேரத்தில் அவர் வாசித்திருக்க முடியாது. அதே கை 1982இல் மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாட்டுக்கு, சம்பளம் வாங்காமல், பாட்டின் கோபத்தோடு முழுக்கப் பொருந்தும் சோலோவைக் கொடுத்தது.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120 தட்டில் வைத்து ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் வாசித்தால் நொடிக்கு எட்டு ஸ்வரம். அந்த வேகத்தில் எந்த ஒற்றை ஸ்வரத்துக்கும் அசைவு கொடுக்க இடமில்லை. எனவே ஸ்வரம் பேசுவதை விட்டுவிட்டு, ஸ்வரக் கூட்டத்தின் வடிவம் பேச வேண்டும்: எங்கே ஏறுகிறது, எங்கே கொட்டுகிறது, எங்கே போய் மோதுகிறது. நம் பாடகர்களின் பிருகாவைப் போலத்தான். பிருகா வந்து இறங்கும் இடம் சரியாக இருந்தால் சபை சிலிர்க்கும். இறங்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் களைத்துவிடும். மால்ம்ஸ்டீனிடம் எனக்குள்ள மனக்குறை இதுவே. அவருடைய வைப்ராட்டோ அகலமானது, அழகானது, சுருதி தப்பாதது. அதைக் கேட்க அவர் நமக்கு இன்னும் அதிகமாக நேரம் கொடுத்திருக்கலாம்.

பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கேரி மூரைக் கேளுங்கள். 'பரீசியன் வாக்வேஸ்' பாட்டை மேடையில் வாசிக்கும்போது ஒரே ஸ்வரத்தை மூச்சு முட்டும் வரை நிறுத்தி வைப்பார். பிறகு அணை உடைந்ததுபோல் வேகம் பாயும். நிற்கும் ஸ்வரத்தில் சேர்ந்த அழுத்தம்தான் அந்த வெள்ளத்துக்குக் காரணம். ஒன்றை விட்டு மற்றொன்றை எடுக்க முடியாது.

நுட்பம் மிகக் கடினமாகவும் உணர்வு மிக எளிமையாகவும் சேர்ந்திருக்கும் ஒரு வாசிப்பைக் காட்ட முடியுமா?

ஜெஃப் பெக், 'வேர் வேர் யூ', 1989. மெதுவான, சோகமான மெட்டு. பல்கேரியப் பெண்கள் குழுவாகப் பாடிய நாட்டுப்புறப் பாடல்களைக் கேட்ட பாதிப்பில் பிறந்தது.

தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டுத் தட்டினால் மணி ஒலிப்பதுபோல் ஒரு மேல் ஸ்வரம் பிறக்கும். அதை ஹார்மோனிக் என்பார்கள். ஹார்மோனிக்குகள் தந்தியில் சில இடங்களில்தான் கிடைக்கும். எனவே அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மெட்டை முழுமையாக வாசிக்க முடியாது. பெக் என்ன செய்கிறார் என்றால், கிடைக்கும் ஹார்மோனிக்கைத் தட்டிவிட்டு, கிட்டாரின் பாலத்தில் உள்ள ட்ரெமொலோ கம்பியை அழுத்தியும் தூக்கியும் மெட்டின் மற்ற ஸ்வரங்களை அதிலிருந்து வடிக்கிறார். கம்பியில் எந்த ஸ்வரம் எங்கே இருக்கிறது என்பதற்கு அடையாளம் எதுவும் கிடையாது. உள்ளங்கைக்கு மட்டும்தான் தெரியும். இதனோடு ஒலியளவுக் குமிழைச் சுண்டு விரலால் திருப்பி, தட்டிய சத்தம் கேட்காமல் ஸ்வரம் மட்டும் மெல்ல எழும்படி செய்கிறார். 1980களிலேயே அவர் தந்தியைத் தட்டும் சிறு தகடான பிக்கைக் கைவிட்டு வெறும் விரல்களுக்கு மாறிவிட்டார். குமிழும் கம்பியும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததற்கு அது உதவியது.

கிட்டார் தெரியாத என் உறவினர் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். "யார் பாடுவது?" என்று கேட்டார்.

நீல் யங், கோபைன் போன்றவர்கள் நுட்பமே இல்லாமல் சாதித்தவர்கள்தானே?

நீல் யங்கின் 'சின்னமன் கேர்ள்', 1969. சோலோ முழுவதும் ஏறக்குறைய ஒரே ஸ்வரம்தான். ஒருமுறை அதை மெட்ரோனோமோடு வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தட்டும் எவ்வளவு அழுத்தம், தாளத்துக்கு முன்னா பின்னா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று விளங்கும். அவர்கள் நுட்பம் இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தங்களுக்குத் தேவையான நுட்பத்தை மட்டும் வைத்திருந்தவர்கள். ஆனால் "கோபைனே பழகவில்லை, நான் ஏன் பழக வேண்டும்?" என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: கோபைனிடம் அந்தப் பாட்டுகள் இருந்தன.

ஹெண்ட்ரிக்ஸுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. தியரி படித்தால் உணர்வு செத்துவிடுமா?

சாகாது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் குறிப்பு வாசிக்கத் தெரியாது, உண்மை. ஆனால் பிறர் பின்னணியில் ஆண்டுக்கணக்கில் வாசித்துத் தேய்ந்த கை அவருடையது. 1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை, உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். கீதத்தின் ஸ்வரங்களுக்கு நடுவே குண்டு விழுகிறது, அலறல் கேட்கிறது. படைவீரர்களின் சவ அடக்கத்தில் ஊதும் எக்காள இசையும் இடையில் வந்து போகிறது. வாசித்தவரே முன்பு பாராசூட் படைவீரராக இருந்தவர். அந்த ஒலிகளை உண்டாக்க ஒலிபெருக்கியான ஆம்ப்பிலிருந்து திரும்பி வரும் இரைச்சலையும் ட்ரெமொலோ கம்பியையும் எந்தக் கணத்தில் எப்படிக் கையாள வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தாளில் எழுதப்படாவிட்டாலும் அது அறிவுதான்.

மறுபக்கம் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய். அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிராங்க் ஸாப்பாவின் சிக்கலான இசையைக் காதால் கேட்டுக் குறிப்பாக எழுதிக் கொடுத்துத்தான் அவரிடம் வேலையில் சேர்ந்தார். 1990இல் அவர் வெளியிட்ட 'ஃபார் தி லவ் ஆஃப் காட்' ஒரு பிரார்த்தனையைப் போல விரிகிறது. எழுதத் தெரிந்ததால் அதில் எதுவும் குறையவில்லை.

கர்நாடக இசை கற்றவர்களுக்கு இதில் ஏதாவது பயன் உண்டா?

நிறைய உண்டு. வீணையில் மெட்டுகள், அதாவது ஃப்ரெட்டுகள், மெழுகின் மேல் உயரமாக நிற்கும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் பல ஸ்வரங்களைக் கொண்டுவரலாம். மின்கிட்டாரின் பெண்டிங் இதற்கு உடன்பிறப்பு. ஜாஸ் ராக் கிட்டாரில் உச்சம் தொட்ட ஜான் மெக்லாஃப்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு எல். சங்கர், ஜாகிர் உசேன், டி.எச். விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவில் வாசித்தபோது, ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய கிட்டாரைப் பயன்படுத்தினார். விரல் மரத்தில் உராயாததால் தந்தி ஆழமாக இழுபடும், கமகத்துக்கு வழி திறக்கும். மால்ம்ஸ்டீனும் இப்படிக் குடைந்த கிட்டாரில்தான் வாசிக்கிறார்.

சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஓரிடத்தில் ப்ளூஸின் உயிர் இருக்கிறது. கால் பங்கு மட்டும் தந்தியை நெளித்து அந்த இடத்தைத் தொட வேண்டும். அசையும் காந்தாரத்தைப் பாடிப் பழகியவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, எல்லா ஸ்வரத்தையும் அசைக்க வேண்டாம் என்பது. ராக் இசையில் அசைவே இல்லாமல் கல்லாக நிற்கும் ஸ்வரத்துக்கும் வேலை உண்டு.

நல்ல கிட்டார் வாங்கினால் அந்த ஒலி வந்துவிடுமா?

வராது. பீட்டர் கிரீனின் 1959ஆம் ஆண்டு லெஸ் பால் வகைக் கிட்டார், தந்தியின் அதிர்வை எடுக்கும் பிக்கப்பில் காந்தம் திருப்பி வைக்கப்பட்டதால் தனியொரு மூக்கொலி கொண்டது. அது பின்னர் கேரி மூர் கைக்குப் போனது. 2014இல் மெட்டாலிக்கா குழுவின் கிர்க் ஹாமெட் கைக்கு வந்தது. ஒரே மரம், ஒரே காந்தம், மூன்று வேறு குரல்கள்.

எனக்குத் தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. எப்படிப் பழகுவது?

முதல் கால் மணி நேரம் பெண்டிங் மட்டும். இரண்டாம் தந்தியில் பத்தாவது ஃப்ரெட்டைத் தட்டி அந்த ஸ்வரத்தைக் காதில் வாங்குங்கள். பிறகு எட்டாவது ஃப்ரெட்டிலிருந்து தள்ளி அதே ஸ்வரத்தை அடையுங்கள். சந்தேகம் வந்தால் மறுபடி பத்தாவதைத் தட்டிப் பாருங்கள். சலிப்பாக இருக்கும், ஆறு மாதத்தில் உங்கள் வாசிப்பையே மாற்றிவிடும். அடுத்த இருபது நிமிடம் மெட்ரோனோமோடு வேகப் பயிற்சி. ஒரு ஸ்வரம் மங்கினாலும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே ஸ்கேல் (ஸ்வர வரிசை) ஓட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கேட்காமல் வாசிக்கக் கை பழகிவிட்டால் அதைத் திருத்துவது மிகவும் கடினம்.

மிச்ச நேரத்தில் வாயால் பாடிவிட்டு அதை வாசியுங்கள். பாடும்போது மூச்சு வாங்க நிறுத்தியே ஆக வேண்டும். அந்த நிறுத்தங்கள் கிட்டாருக்கும் வரும். வாரத்துக்கு ஒருமுறை பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசித்த சூட்டில் கேட்டால் கை செய்ய நினைத்ததுதான் காதில் விழும்.

பெண்டிங் பழகினால் விரல் நுனி எரிகிறது. என்ன செய்யலாம்?

தள்ளும் விரலுக்குப் பின்னால் மற்ற இரண்டு விரல்களையும் அதே தந்தியில் வைத்து மூன்றுமாகத் தள்ளுங்கள். விசை மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். தந்தி தடிமனாக இருந்தால் மாற்றுங்கள். ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் 13 அளவுத் தந்தி (எண் கூடினால் தடிமன் கூடும்) போட்டார் என்று படித்துவிட்டு அதையே வாங்குகிறார்கள். அவர் கிட்டாரை அரைச் சுருதி இறக்கி வைத்திருந்தார், அவருடைய கையும் வேறு. பிளாக் சபாத்தின் டோனி அயோமி 1965இல், பதினேழு வயதில், பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய வலது கை விரல்கள் அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் உறை செய்துகொண்டு, மெல்லிய பாஞ்சோ தந்திகளைக் கிட்டாரில் மாட்டினார். பிற்பாடு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஒலி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஸீ ஸீ டாப் குழுவின் கிட்டார் கலைஞர் பில்லி கிப்பன்ஸ் சொல்லும் ஒரு சம்பவமும் உண்டு. இளம் வயதில் தடித்த தந்தி போட்டிருந்த அவருடைய கிட்டாரை பி. பி. கிங் வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, எதற்காக இவ்வளவு பாடுபடுகிறாய் என்று கேட்டாராம். கிப்பன்ஸ் அதன் பிறகு மெல்லிய தந்திக்கு மாறிவிட்டார். நீங்களும் 9 அளவில் தொடங்குங்கள்.